காணாததைக் கேட்டறிய முடியுமா? கணிதவியலாளர் மீனாட்சிசுந்தரத்தின் கதை

1990ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. அன்புவழிபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் வடக்கே முல்லைத்தீவுப் பக்கம் நடந்தோம். பிறகு வந்த ஆண்டுகளில் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடப் பதுங்குகுழிக்குள் படித்தது அதிகம். அங்கே கண்ணுக்கு வேலை இல்லை, எல்லாம் காதுதான். ஹெலியின் சத்தம் வேறு, பொம்மரின் சத்தம் வேறு. ஷெல் குத்தும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் இடையில் விரலை மடக்கி எண்ணுவோம். எண்ணிக்கையை வைத்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று அம்மா சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். போரைக் கண்ட எந்தக் குடும்பத்துக்கும் இந்தப் படிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பி, உயர்தரத்தில் கணிதம் எடுத்து, பல்கலைக்கழகத்துக்கும் போனேன். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டியபோது, ஒரு சூத்திரத்தின் தலைப்பில் இருந்த பெயரை இரண்டு தரம் வாசித்தேன். ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. ஆனாலும் அது மீனாட்சிசுந்தரம்தான். பக்கத்தில் பிளெயெல் என்று ஒரு சுவீடன்காரரின் பெயர். மேளத்தின் ஒலியைக் கேட்டே மேளம் எப்படிப்பட்டது என்று எவ்வளவு தூரம் சொல்லலாம் என்பது அந்த அத்தியாயத்தின் விடயம். பதுங்குகுழியில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி புதிதாகவே தெரியவில்லை. அன்றிலிருந்து இந்த மனிதரைப் பற்றித் தேடி வருகிறேன். கணித உலகில் எங்கு போனாலும் தெரிந்த அவருடைய பெயரை எங்கள் வகுப்பறைகளில் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுப்பராமையா மீனாட்சிசுந்தரம் 1913 ஒக்ரோபர் 12 அன்று திருச்சூரில் பிறந்தார். படித்து வளர்ந்தது சென்னையில். லயோலா கல்லூரியில் கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்றபின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானார். அவருக்கு வழிகாட்டியவர் கே. ஆனந்தராவ். கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் படித்துவிட்டு வந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த அதே ஆண்டுகளில் இவரும் அங்கே இருந்தார். முடிவின்றி நீளும் கூட்டுத்தொகைகளுக்கு எப்படிப் பொருள் கொடுப்பது என்பது ஆனந்தராவின் துறை. மீனாட்சிசுந்தரத்தின் தொடக்க காலக் கட்டுரைகளும் அதைப் பற்றியவைதான். பின்னாளில் வெப்பத்தையும் மேளத்தையும் பற்றி எழுதியபோதும் இந்தப் பயிற்சியே அவருக்குக் கைகொடுத்தது.

அவருக்குக் கிடைத்த இன்னொரு துணை, லயோலாவில் கற்பித்த பிரெஞ்சு யேசுசபைத் துறவி சார்ல்ஸ் ரசீன் அடிகளார். அவர் பாரிஸில் எலி கார்த்தானிடம் பயின்றவர். அப்போது சென்னையில் பாடத்திட்டம் பழைய ஆங்கிலேய முறையிலேயே நின்றிருந்தது. ஐரோப்பாவில் கணிதம் எந்தத் திசையில் போகிறது என்பதை இளைஞர்களுக்குக் காட்டியவர்களில் ரசீன் முக்கியமானவர். ஹைதராபாத் உஸ்மானியாவிலிருந்து சென்னைக்கு வந்து விரிவுரை நடத்திய ரசியுதீன் சித்திக்கியின் தாக்கமும் சேர, மீனாட்சிசுந்தரம் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளின் பக்கம் திரும்பினார். வெப்பம் பரவுவதும் தோல் அதிர்வதும் மின்புலம் விரிவதும் எழுதப்படுவது இந்தச் சமன்பாடுகளில்தான். 1940இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்ஸி பட்டம் கொடுத்தது.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. எங்கள் பேச்சில் சொன்னால், ரியூசன் எடுத்தார். ஆய்வை மட்டும் விடவில்லை. பரீட்சைக் கணக்குகளைப் பகலில் தீர்த்துக்கொடுத்த அதே மனிதர்தான், நேரியல் அல்லாத வெப்பச் சமன்பாடுகளைப் பற்றிய கட்டுரைகளையும் எழுதிக்கொண்டிருந்தார். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்காகக் கச்சேரி வாசலில் உண்ணாவிரதம் இருந்த எங்கள் பட்டதாரிகளுக்கு இந்தப் பகுதி நன்றாகவே விளங்கும். நானும் பல ஆண்டுகளாக அன்புவழிபுரத்தில் தகரக் கொட்டிலுக்குக் கீழே ரியூசன் எடுப்பவன்தான். அவருக்கு நான் சமமல்ல. ஆனால் காத்திருந்த அந்தக் காலத்தை அவர் வீணான காலமாக்கவில்லை என்பதை ஒவ்வொரு வருடமும் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

பிறகு ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பௌதிக விரிவுரையாளர் பணி கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகம் விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேரில் கடலோரம் இருக்கிறது. அதன் போர்க்காலக் கதை எங்கள் ஊர்க் கதையோடு சேர்ந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்தது. 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. 6ஆம் திகதி விசாகப்பட்டினத்தில். 9ஆம் திகதி எங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத் தளத்திலும். அன்று காலை நகரமே புகைக்குள் மறைந்ததையும், சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு காட்டுப்பக்கம் ஓடியதையும் என் அப்பப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். விசாகப்பட்டினத்திலும் அதுதான் நடந்தது. பல்கலைக்கழகமே உள்நாட்டிலுள்ள குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. போர் முடிந்த பிறகுதான் வால்டேருக்குத் திரும்பியது. ஒரு பல்கலைக்கழகம் இடம்பெயர்ந்து இயங்குவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஆண்டுகளில் அவர் மனதில் இருந்த கேள்வியைக் கணிதம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

வயலினில் ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரம் ஒன்று எழும். அதோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். கணக்கு ஒழுங்காக இருப்பதால் காதுக்கு இனிமை. மேளத்தின் தோல் அப்படியல்ல. வட்டமான சாதாரணத் தோலில் அடிப்படைச் சுரத்துக்கு அடுத்தவை சுமார் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசப்படும் கருமை அந்த ஒழுங்கின்மையைச் சரிசெய்து, சுரங்களை முழு மடங்குகளுக்கு அருகில் கொண்டுவருகிறது. சி. வி. இராமன் 1920களிலிருந்தும் 1930களிலும் ஆராய்ந்து எழுதிய விடயம் அது.

தோலின் வடிவம் மாறினால் இந்த எண்களின் பட்டியலும் மாறும். சதுரத் தோலுக்கு ஒரு பட்டியல், நீள்சதுரத்துக்கு வேறொன்று. ஒவ்வொரு சுரத்துக்கும் தோல் அசைகிற தனிப் பாங்கு ஒன்று உண்டு. இந்தப் பாங்குகள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்று கணிதத்தில் சொல்வோம். ஏதாவது இரண்டை எடுத்துப் புள்ளிக்குப் புள்ளி பெருக்கி, தோல் முழுவதற்கும் கூட்டினால் விடை பூச்சியம். ஒன்றின் பங்கு மற்றதில் கலப்பதில்லை. அதனால்தான் எப்படி அடித்தாலும், எழும் சத்தத்தை இந்தப் பாங்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று கணக்கிட முடிகிறது. கோளத்தின் மேல் இதையே செய்தால் லெஜாந்தர் பல்லுறுப்புக் கோவைகள் வருகின்றன. செங்குத்துப் பல்லுறுப்புக் கோவைகள் என்ற பெரிய குடும்பத்தில் அவை மூத்தவை.

இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது லாப்லாஸின் இயக்கி என்ற ஒரே கருவி. ஒரு புள்ளியில் உள்ள அளவு, சுற்றியுள்ள இடங்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அது காட்டும். விலகல் எங்கும் இல்லாமல் போனால் வெப்பம் அமைதியாகிவிட்டது என்று பொருள். பூமியின் ஈர்ப்பையும் மின்னேற்றத்தின் விசையையும் விளக்கும் அழுத்தச் சார்புகளும், பொருளோ மின்னேற்றமோ இல்லாத வெளியில் அதே சமன்பாட்டைத்தான் நிறைவு செய்கின்றன. அதைப் படிக்கும் துறைக்கு அழுத்தக் கோட்பாடு என்று பெயர். தளத்தில் இந்தச் சார்புகள் சிக்கலெண்களோடு நெருங்கிய உறவுடையவை.

1911இல் ஹெர்மன் வைல் ஒரு முக்கியமான உண்மையை நிறுவினார். ஒரு மேளத்தில் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே எத்தனை சுரங்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே மேலே போனால், அந்த எண்ணிக்கையிலிருந்து தோலின் பரப்பளவு வெளிப்பட்டுவிடும். மேளத்தைப் பார்க்காமலே அதன் பரப்பளவைச் சொல்லலாம். அதற்கு மேலும் ஏதாவது கேட்குமா என்பதே மீனாட்சிசுந்தரத்தின் கேள்வி.

அவர் அதை வெப்பத்தின் வழியாக அணுகினார். தோசைக்கல்லின் நடுவில் ஒரு தணல் துண்டை வைத்து எடுப்பதாக நினையுங்கள். முதல் கணத்தில் அந்த வெப்பத்துக்குக் கல்லின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது தெரியாது. முடிவில்லாத தட்டில் இருப்பதுபோலவே பரவும். சற்று நேரம் போனால், அந்த இடத்தில் கல் தட்டையா, வளைந்ததா என்பது பரவும் வேகத்தில் தெரியும். இந்த முதல் கணங்களை நுணுக்கமாக அளந்தால் பரப்பளவும், அதற்கடுத்து வளைவும் வரிசையாக வெளிவரும் என்று அவர் காட்டினார். இதில் வியப்பு என்னவென்றால், வெப்பம் பரவுவதை முழுமையாகத் தீர்மானிப்பது மேளத்தின் அதே சுரப் பட்டியல்தான். ஆகவே வெப்பத்துக்குத் தெரிவதெல்லாம் பட்டியலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நாம் எடுத்து வாசிக்க வேண்டியதுதான்.

வாசிப்பதற்கு அவர் ஒரு வழி செய்தார். ரீமனின் சீட்டா சார்பில் 1, 2, 3 என்ற எண்களின் தலைகீழ் அடுக்குகளைக் கூட்டுவார்கள். அந்த எண்களுக்குப் பதிலாக மேளத்தின் அதிர்வுகளிலிருந்து கிடைக்கும் எண்களை வைத்தார். அடுக்கு பெரிதாக இருந்தால்தான் கூட்டுத்தொகைக்கு எல்லை உண்டு. மற்ற இடங்களில் அது அளவின்றிப் பெருகும். ஆனால் ஆனந்தராவிடம் பயின்றவருக்கு அப்படிப்பட்ட தொகைகளுக்கும் பொருள் கொடுக்கத் தெரியும். சார்பைச் சிக்கலெண் தளம் முழுவதற்கும் நீட்டினார். அது எந்தப் புள்ளிகளில் வெடிக்கிறது, குறிப்பிட்ட சில புள்ளிகளில் என்ன மதிப்பு எடுக்கிறது என்பதில்தான் பரப்பளவும் வளைவும் எழுதப்பட்டிருக்கின்றன. சுரங்களிலிருந்து வடிவத்துக்குப் போகும் பாதை இப்படித்தான் திறந்தது.

1946இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்துக்குப் போனார். ஐன்ஸ்டைன் இருந்த நிறுவனம் அது. வைலும் அங்கேதான் இருந்தார். போர் கிழித்துப்போட்ட உலகத்தின் பல துண்டுகள் அமெரிக்காவில் வந்து சேர்ந்திருந்த காலம். மீனாட்சிசுந்தரத்தோடு சேர்ந்து 1947இல் கட்டுரை எழுதிய ஒட்டோ சாஸ் என்ற ஹங்கேரிய யூதர், நாசிகள் பதவிக்கு வந்த 1933இல் பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு அமெரிக்காவுக்கு வந்தவர். மீனாட்சிசுந்தரத்துக்குப் பிரின்ஸ்டனில் கிடைத்த இன்னொரு நண்பர்தான் சுவீடனின் ஓக்கே பிளெயெல். தட்டையான தோலில் செய்ததை வளைந்த எந்தப் பரப்பிலும், எத்தனை பரிமாணத்திலும் செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து காட்டினார்கள். அந்தக் கட்டுரை 1949இல் கனேடியக் கணித இதழின் முதலாவது தொகுதியில் வெளிவந்தது. வெறும் பதினைந்து பக்கம். நான் நூலகத்தில் வாசித்த பெயர் அந்தக் கட்டுரையிலிருந்து வந்ததுதான்.

1948இல் ஊர் திரும்பினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராகி, பல ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார். கே. சந்திரசேகரனோடு சேர்ந்து எழுதிய நூல் 1952இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பாக வந்தது. ஆனால் 1949இன் கட்டுரையைப் பெரிதாக யாரும் உடனே எடுத்துப் பேசவில்லை. அதன் காலம் பிறகுதான் வந்தது.

1966இல் மார்க் காட்ஸ் என்ற கணிதவியலாளர், ஒரு மேளத்தின் வடிவத்தைக் காதால் கேட்டறிய முடியுமா என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த பிறகு உலகமெங்கும் இந்தக் கேள்வியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். காட்ஸ் ஒரு போலந்து யூதர். 1938இல் அமெரிக்காவுக்குப் போனதால் உயிர் தப்பினார். ஊரில் இருந்துவிட்ட பெற்றோரும் உறவுகளும் நாசிகளால் கொல்லப்பட்டார்கள். மேளத்தின் சுரங்களிலிருந்து பரப்பளவும் விளிம்பின் நீளமும் மட்டுமல்ல, தோலில் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்பதும் கேட்கும் என்ற செய்தி அந்தக் கட்டுரையில்தான் பரவலாகத் தெரியவந்தது. அதற்கு அவர் கையாண்டதும் வெப்பம் பரவும் முதல் கணங்களைத்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1968 ஆகஸ்டில், மீனாட்சிசுந்தரம் காலமானார். 55 வயதுகூட நிறையவில்லை. அவர் தொடக்கிவைத்தது எவ்வளவு தூரம் போகப்போகிறது என்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் இந்தியாவின் விஜய் குமார் பட்டோடி, அதியா, பொட் ஆகியோருடன் சேர்ந்து வெப்பச் சமன்பாட்டின் வழியாகவே அந்த நூற்றாண்டின் பெரிய தேற்றமொன்றுக்குப் புதிய நிறுவல் கொடுத்தார். 1977இல் ஸ்டீபன் ஹோக்கிங் வளைந்த காலவெளியில் முடிவிலியாகிவிடும் கணக்குகளுக்குப் பொருள் கொடுக்கக் கையாண்டது, இயக்கிகளின் சுரங்களிலிருந்து கட்டிய அதே வகைச் சீட்டா சார்பை. ரியூசன் எடுத்துப் பிழைத்த மனிதரின் கருவி இப்படி அண்டவெளி வரை போயிருக்கிறது.

காட்ஸின் கேள்விக்கு 1992இல் விடை கிடைத்தது. கரோலின் கோர்டன், டேவிட் வெப், ஸ்கொட் வோல்பர்ட் ஆகிய மூவரும், வடிவத்தில் வேறுபட்ட இரண்டு தட்டையான மேளங்களை அமைத்துக் காட்டினார்கள். இரண்டின் சுரப் பட்டியலும் அச்சொட்டாக ஒன்றே. எவ்வளவு கூர்மையான காதாக இருந்தாலும் எது எதுவென்று சொல்ல முடியாது. ஆகவே முழு வடிவத்தையும் கேட்டறிய முடியாது என்பதே பதில்.

இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது எனக்கு அம்மாவின் ஞாபகம் வரும். 1990இல் நாங்கள் புறப்படுவதற்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் மாமாவைக் கொண்டுபோனார்கள். அம்மாவின் ஒரே தம்பி. திரும்பி வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, இரவில் ஒழுங்கையில் சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மா எழும்பி இருந்துவிடுவார். சங்கிலிக் கவசம் தட்டுப்படும் சத்தத்தை வைத்தே மாமாவின் சைக்கிளை முன்பெல்லாம் கண்டுபிடித்துவிடுவார். அதே சத்தம் போடும் சைக்கிள்கள் ஊரில் பல இருந்தன. ஒவ்வொரு தரமும் அது வேறு யாரோவாகத்தான் இருந்தது. ஷெல் எந்தப் பக்கம் என்று பிழைக்காமல் சொன்ன காது அங்கே மட்டும் அவரை ஏமாற்றிக்கொண்டே இருந்தது.

ஒரே சத்தம் இரண்டு பொருளிலிருந்து வரலாம் என்பதை அம்மா 1992இன் கட்டுரை இல்லாமலே அறிந்திருந்தார். ஆனால் அதனால் கேட்பதை நிறுத்தவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளைப் பார்த்து, எப்போது எங்கே என்று முழுதாகத் தெரியாதபோது எதைக் கேட்டு என்ன பயன் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மேளத்தின் கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். முழு உருவமும் தெரியாது என்பதால் ஒன்றுமே தெரியாது என்று ஆகிவிடாது. பரப்பளவு தெரியும். விளிம்பின் நீளம் தெரியும். எத்தனை ஓட்டைகள் என்பது தெரியும். எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் ஆள் குறைந்திருக்கிறது என்பதை எவரும் எண்ணிச் சொல்லலாம். எதுவரை உறுதியாகச் சொல்லலாம், எங்கே நிற்க வேண்டும் என்று பிரித்துச் சொல்வதுதான் மீனாட்சிசுந்தரம் செய்த வேலை. அது சின்ன வேலையல்ல.

அம்மா இப்போது இல்லை. தகரக் கொட்டிலில் வகுப்பு நடக்கிறது. போன கிழமை ஒரு மாணவி, தமிழ்ப் பெயரில் ஒரு சூத்திரம்கூட இல்லையா சேர் என்று கேட்டாள். கரும்பலகையில் மீனாட்சிசுந்தரம் என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு வட்டமும் ஒரு சதுரமும் வரைந்தேன். பக்கத்துக் கோவிலில் மாலைப் பூசைக்கு மேளம் தொடங்கியிருந்தது. அன்று பாடத்தை அங்கிருந்துதான் ஆரம்பித்தோம்.